கையுறைக்குள் போகாத விரல்

மோதிர விரல் மட்டும் கையுறைக்குள் போக மாட்டேன் என்றது. மற்ற நாலும் சொன்ன பேச்சு கேட்டு உள்ளே போய்விட்டன. தம்பியின் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இறந்துபோன அக்காவின் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு விரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?" என்று அக்காவின் தங்கை, சின்னவள், அறை வாசலிலேயே நின்று கேட்டாள்.

"க்ளவுஸ் போட்டுவிடறேன் அண்ணி. சாயங்காலம் சர்ச்சுல எல்லாரும் கிட்ட வந்து பார்ப்பாங்க. இந்த விரல் கோணிக்கிட்டு தனியா நிக்குது. ஒரு மாதிரி இருக்கு."

"எந்த மாதிரி?"

தம்பியின் மனைவி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். கெட்டவள் இல்லை. விடியற்காலையில் வந்து இறங்கியதிலிருந்து உட்காராமல் வேலை செய்கிறாள். அக்காவுக்குத் தலை வாரியது, உடை மாற்றியது, வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டது எல்லாம் அவள்தான். அப்படிப்பட்டவளிடம் வாய்க்கு வந்தபடி கத்த முடியாது. கத்த முடியாததே சின்னவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

கடைசியில் கோணல் விரலை நடுவிரலோடு ஒட்டி, இரண்டையும் ஒரே உறைக்குள் திணித்தாயிற்று. மோதிர விரலுக்கான துணி மட்டும் காலியாகத் தொங்கியது. தம்பியின் மனைவி அதை மடித்து அடியில் செருகி, கையை அக்காவின் மார்பின் மேல் வைத்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்தாள்.

"இப்ப சரியாயிடுச்சு" என்றாள்.

இதே வார்த்தையை நேற்று மதியம் தேவாலயத்தில் ஒருவர் சொன்னார். அப்போதும் சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். இப்போதும் அப்படியே திரும்பிப் போய், தன் அறையில் வண்ணக் குழாய்களுக்கு நடுவே கிடந்த வண்ணம் கரைக்கும் சின்ன டர்பண்டைன் பாட்டிலை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்த விரல் கோணலானது பேக்கரியில். அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாவு பிசையும் மெஷினில் கை சிக்கிக்கொண்டது. முறிந்த எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள். எலும்பும் தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டது. அதிலிருந்து மோதிர விரல் மற்ற விரல்களோடு ஒட்டுறவு இல்லாமல் வெளிப்பக்கமாக விலகியே நின்றது. கோப்பையைப் பிடித்தாலும் விலகி நிற்கும், கை கூப்பினாலும் விலகி நிற்கும். "இது ஒண்ணு மட்டும் என் பேச்சைக் கேக்காது. அப்படியே உன்னை மாதிரி" என்று அக்கா சின்னவளிடம் சொல்வாள்.

இரண்டு பேருக்கும் கல்யாணம் அமையவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்ற ஒரே சண்டையை வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு டர்பண்டைன் வாடை ஆகாது, சின்னவளுக்குக் குளிர் ஆகாது. அக்கா பேக்கரியிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு சண்டைக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது.

தேவாலயப் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சுவருக்குப் பெரிதாக ஒரு படம் வேண்டும் என்று தேவாலயக் கமிட்டியார் கேட்டு வந்தபோது சின்னவள் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டாள். பசித்த கூட்டத்துக்கு ரொட்டி பகிர்ந்து கொடுக்கிற காட்சி. சுவரில் பலகைகளை அறைந்து, மேலே கித்தான் ஒட்டி, எண்ணெய் வண்ணத்தில் வரைந்தாள். படத்தின் வலது ஓரத்தில் ஒரு பெண் கூடையிலிருந்து ரொட்டியை எடுத்து யாருக்கோ நீட்டுவாள். முகம் பாதிக்கு மேல் நிழலில் இருக்கும், நீட்டிய கை மட்டும் நல்ல வெளிச்சத்தில். அது அக்காவின் கை. சமையலறையில் ரொட்டியை ஏந்திக்கொண்டு, கால் வலிக்கிறது, கை வலிக்கிறது, ரொட்டி காய்கிறது என்று முணுமுணுத்தபடி நின்று கொடுத்த கை.

அந்தக் கையை வரைந்து முடித்த பிறகு அக்கா வந்து அண்ணாந்து பார்த்தாள். "ஊரே பார்க்கற எடத்துல என் விரலை மாட்டி மானத்தை வாங்கிட்டியே" என்றாள். மறுவாரம் பேக்கரியில் கூட வேலை பார்த்த பெண்களை அழைத்துவந்து காட்டினாள். அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரியை. பிறகு சாப்பாட்டு டப்பாவைச் சாக்கு வைத்துக்கொண்டு மதியத்தில் தானே அடிக்கடி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். பார்ப்பது அந்த மூலையைத்தான் என்று சின்னவளுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தேவாலயத்தில் படம் வரைவதென்றால் நிம்மதியாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் சக்கரம் வைத்த அந்த இரும்புச் சாரத்தின் மேல் ஏறி நின்று பார்க்க வேண்டும். காலையில் மைக் சோதனை. ஹலோ, ஹலோ என்று கேட்கவே ஆளில்லாத கூடத்துக்கு ஒருவர் வணக்கம் சொல்லிக்கொண்டே இருப்பார். அது முடிந்தால் ஆர்கன் வாசிக்கும் பெண் வந்து, வராத ஒரு வரியை வரும்வரை வாசிப்பாள். அது வருவதும் இல்லை. கல்யாணம் பேசி முடித்தவர்கள் மண்டபத்தை அளக்க வருவார்கள். பூ மாற்ற வருகிற அம்மா, "இந்த வயசுல இவ்வளவு உயரம் ஏறறீங்களே, விழுந்தா என்ன ஆகறது?" என்று ஒவ்வொரு தடவையும் அக்கறையோடு கேட்பாள். ஜெபிக்க வருகிறவர்கள் மட்டும்தான் தொந்தரவு தராதவர்கள். அவர்களும் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்வரைதான்.

சின்னவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை செய்வாள். சத்தம் அதற்கும் மசியாத நாட்களில் வீட்டுக்கு வந்து தூரிகைகளை எறிவாள். "அவங்க பேசறதை மழை பெய்யுதுன்னு நெனச்சுக்கோ" என்பாள் அக்கா. "மழைகிட்ட யாராவது பதில் பேசுவாங்களா? நீ பாட்டுக்கு வேலையைப் பாரு."

எல்லா மழையையும் தாங்கிக்கொண்டவளுக்குக் கமிட்டிச் செயலாளரை மட்டும் தாங்க முடியவில்லை. வேலைக்கான ஏற்பாடுகளை எல்லாம் முன்னின்று செய்தவர் அவர்தான். தினமும் வருவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சாரத்துக்குக் கீழே நிற்பார். ஒரு நாள் அவர் கண்ணில் அந்த விரல் பட்டுவிட்டது.

"படம் பிரமாதமா வருதும்மா. அந்த விரலை மட்டும் கொஞ்சம் கவனிச்சுக்கங்க."

"அது அப்படித்தான் சார்."

"அப்படித்தான்னா? பார்க்கறவங்க உங்களுக்குக் கை வரையத் தெரியலைன்னு நெனப்பாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது அதோடு நிற்கவில்லை. பூ மாற்றுகிற அம்மாவும் சொன்னாள். ஆர்கன்காரி சொன்னாள், தன் வராத வரியை வைத்துக்கொண்டு. ஞாயிறு பூசை முடிந்ததும் நாலு பேர் வரிசையாக நின்று விரலைப் பற்றிப் பேசினார்கள். படத்தில் அத்தனை முகங்கள், அத்தனை கைகள், பின்னால் மலைச்சரிவு, அதற்கும் பின்னால் அவள் வாரக்கணக்காகப் பாடுபட்ட வானம். ஒருவர் கண்ணிலும் அது எதுவும் படவில்லை. கடைசியில் ஃபாதரே வந்து, "ஜனங்க கேக்கறாங்கம்மா. வர்ற ஞாயித்துக்கிழமை பிஷப் வந்து படத்தை மந்திரிச்சு ஆசீர்வதிக்கப்போறார். ஒரு சின்ன விரல்தானே?" என்றார்.

நேற்று காலை மைக் சோதனை நடந்தது, ஆர்கனும் நடந்தது. செயலாளர் கீழே வந்து நின்று, "பிஷப் கேட்டா நான் என்னம்மா பதில் சொல்றது?" என்றார். சின்னவளுக்குள் ஏதோ ஒன்று சலித்துப்போய்க் கையை விரித்துவிட்டது.

"சரி. நேராக்கிடறேன். போதுமா?"

பஞ்சை இன்னும் ஆழமாக அடைத்துக்கொண்டாள். காய்ந்துபோன பழைய கையின் மேல் வழக்கம்போல மெல்லிசாக எண்ணெய் தடவினாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் காய வேண்டுமே என்று வண்ணத்தில் டிரையரைத் தாராளமாகக் கலந்தாள். விலகி நின்ற விரலை வானத்தின் நிறத்தால் மூடி, நடுவிரலை ஒட்டினாற்போல் நேராக ஒரு விரலை இழுத்தாள். எந்தக் கையிலும் இருக்கக்கூடிய ஒரு விரல். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுலபமாக அவள் எதையும் வரைந்ததில்லை. அதுவே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

நகத்துக்கு வெளிச்சம் வைத்துக்கொண்டிருந்தபோது கீழே யாரோ நிற்பது போல் முதுகில் உறைத்தது. செயலாளராகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் அவர் அனுப்பிய வேறொரு அபிப்பிராயம். அவள் திரும்பவில்லை.

"யாரா இருந்தாலும் போயிடுங்க" என்றாள் சுவரைப் பார்த்தே. "அதான் நேராக்கிட்டேன்ல? இன்னும் என்ன வேணும்?"

பதில் வந்ததா இல்லையா என்று பஞ்சுக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவள் கீழே இறங்கியபோது செயலாளர் பக்கவாட்டுக் கதவு வழியாக அப்போதுதான் உள்ளே வந்தார். அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "இப்ப சரியாயிடுச்சு" என்றார்.

முதல் பெஞ்சில் சாப்பாட்டு டப்பா இருந்தது.

போகச் சொன்னது யாரை என்று அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. பசியும் எரிச்சலுமாக நின்றபடியே டப்பாவைத் திறந்தாள். ரொட்டியும் அவித்த முட்டையும். ரொட்டி காய்ந்திருக்கிறதே, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று அக்காவைத் திட்டிக்கொண்டே தின்று தீர்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தபோது டப்பாவைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா வெளியே போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள், கூப்பிட்டால் பதில் இல்லை என்றாள்.

இருதயம் என்றார் டாக்டர். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த இருதயம்தான். "கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க" என்று சேர்த்துக்கொண்டார். சின்னவள் கேட்க நினைத்த கேள்வி வேறு, அதை எந்த டாக்டரிடமும் கேட்க முடியாது. அக்கா அண்ணாந்து அந்த விரலைப் பார்த்தாளா, அல்லது டப்பாவை வைத்துவிட்டு அப்படியே போய்விட்டாளா?

தெரியப்போவதில்லை. ஆனால் அந்த நேரான விரலைச் சுவரில் விட்டுவைக்க முடியாது. டிரையர் கலந்த வண்ணம் இன்று மாலைக்குள் இறுகிவிடும். இறுகுவதற்குள் டர்பண்டைன் தொட்டுத் துடைத்தால் மேல் பூச்சு மட்டும் வந்துவிடும், அடியில் அக்காவின் விரல் பத்திரமாக இருக்கும். இறுகிவிட்டால் சுரண்ட வேண்டும், சுரண்டினால் இரண்டும் சேர்ந்து போகும். மறுபடி வரையலாமே என்று யாராவது சொல்லக்கூடும். சொல்கிறவர்கள் எதைப் பார்த்து வரைவது என்பதையும் சொல்லட்டும்.

அவள் கைப்பையோடு முன்கதவை நெருங்கியபோது தம்பி வழியில் நின்றான். வேறு ஊரிலிருந்து இரவெல்லாம் கார் ஓட்டி வந்த களைப்பு அவன் முகத்தில் இருந்தது.

"எங்கே கிளம்பிட்டே சின்னக்கா?"

"சர்ச்சுக்கு. ஒரு சின்ன வேலை. உடனே வந்துடறேன்."

"வேலையா? இன்னைக்கா?"

"ஆமா. வேலைதான்."

"பெரியக்கா உள்ளே படுத்திருக்கா. வர்றவங்க எல்லாம் உன்னைத்தான் தேடறாங்க. நீ பெயிண்ட் அடிக்கப் போறே." அவன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் மோசம். "நேத்தும் சர்ச்சுலதானே இருந்தே? ஒரு நாளாவது கூட இருந்திருக்கலாம்ல?"

அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் போல் இருந்தது. பெயிண்ட் அடிக்க இல்லை, அடித்ததை அழிக்க என்று சொன்னால் என்ன அடித்தாய் என்று கேட்பான். அதைச் சொல்லிவிட்டு இந்த வீட்டில் நிற்க அவளால் முடியாது. தம்பி திடீரென்று முகத்தைச் சுளித்து அழ ஆரம்பித்தான். அவள் கையில் இருந்த கைக்குட்டையை வாங்கி மூக்கைச் சிந்திக்கொண்டு, அவள் தோளைப் பிடித்து உள்ளே திருப்பினான். அதற்குள் வாசலில் யாரோ வந்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவளை யாரும் விடவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியாக என்ன பேசினாள் என்று கேட்டார்கள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். உங்களிடம் எதுவும் சொல்லவில்லையா என்று ஒரு பெண் மறுபடியும் மறுபடியும் கேட்டாள். மழை பெய்கிறது என்று நினைத்துப் பார்த்தாள். நினைத்ததும் கோபம் எகிறியது. சொல்லிக்கொடுத்தவள் உள்ளே கையுறை மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

மாலையில் பெட்டியைத் தேவாலயத்துக்குள் கொண்டுபோனபோது முதலில் அவள் காதில் விழுந்தது விசிறிச் சத்தம். பீடத்தின் இரு பக்கமும் ஆளுயர மின்விசிறிகள், இரண்டும் படத்தைப் பார்த்து முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. பீடத்துத் துணி படபடத்தது. முன் பெஞ்சுகளில் திறந்து வைத்திருந்த பாட்டுப் புத்தகங்களின் தாள்கள் தாமாகவே புரண்டன.

செயலாளர் குனிந்து அவள் காதருகே பேசினார். "நேத்தே போட்டுவிட்டுட்டேம்மா. நல்லா காயட்டும்னு. இந்த நேரத்துல உங்களுக்கு அந்தக் கவலை வேணாம் பாருங்க."

சின்னவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அதை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"உங்க சாரத்தையும் அந்த ஓரத்துக்குத் தள்ளி வெச்சிருக்கேன். கந்தல் துணி, டப்பா எல்லாம் அசிங்கமா கிடந்துச்சு. வர்றவங்க பார்க்கக் கூடாதுன்னு உள்ளே வெச்சுப் பூட்டிட்டேன்."

எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள். அதுதான் பிரச்சினை. ஒருவனாவது அயோக்கியனாக இருந்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

பெட்டியைப் பீடத்துக்கு முன்னால், முதல் பெஞ்சுக்கு எதிரே வைத்து மூடியைத் திறந்தார்கள். சின்னவள் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் நடுவே உட்கார்ந்தாள். பேக்கரிப் பெண்கள் பின்வரிசையில் இருந்தார்கள். உள்ளே வந்ததும் அவர்களில் ஒருத்தி படத்தின் வலது மூலையைப் பார்த்ததையும், பக்கத்தில் இருந்தவளை இடித்துக் காட்டியதையும், இரண்டு பேரும் பிறகு தலையைக் குனிந்துகொண்டதையும் சின்னவள் பார்த்துவிட்டாள்.

ஜெபம் நடந்தது. பாட்டு நடந்தது. ஆர்கன்காரிக்கு அந்த வரி இன்றும் வரவில்லை. விசிறிகள் இரண்டும் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. சின்னவள் கைப்பைக்குள் விட்ட கையால் பாட்டிலின் மூடியைத் திருகுவதும் இறுக்குவதுமாக இருந்தாள்.

ஃபாதர் பிரசங்கத்துக்கு எழுந்தார். அக்காவை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரியாதவர்களைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

"ஊருக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்த கைகள் இன்னைக்கு ஓய்ந்துபோயிருக்கு" என்றார். "நம்ம சகோதரியோட தங்கை வரைஞ்ச இந்தப் படத்தைப் பாருங்க. ரொட்டி கொடுக்கற இந்தக் கையைப் பாருங்க. இதுல ஒரு சின்ன குறை இருந்துச்சு. நேத்துதான் அவங்களே அதைச் சரி பண்ணாங்க. அதே மாதிரி நம்ம சகோதரிக்கு இருந்த குறைகளையும் ஆண்டவர் இன்னைக்கு..."

சின்னவள் எழுந்துவிட்டாள்.

அக்காவை இன்னொரு தடவை பார்க்க வருகிறாள் என்று நினைத்து ஃபாதர் பரிவோடு பேச்சை நிறுத்தினார். அவள் பெட்டியருகே போய்க் குனிந்தாள். அக்காவின் வலது கையிலிருந்து கையுறையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு விரல்கள் திணித்த இடத்தில் சிக்கியது. இன்னும் பலமாக இழுத்ததும் முழுதாகக் கழன்று வந்தது. ஒடுங்கிக் கிடந்த மோதிர விரல் மெல்ல விலகித் தன் பழைய இடத்துக்குப் போய் நின்றது.

"அண்ணி" என்றாள் தம்பியின் மனைவி, மெதுவாக.

சின்னவள் கையுறையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு சாரத்தை நோக்கி நடந்தாள். செயலாளர் பாதி எழுந்தார்.

"அம்மா, ஜெபம் நடந்துக்கிட்டிருக்கு."

"தெரியும். நீங்க உட்காருங்க."

"இப்ப எதுக்கும்மா அதுல ஏறறீங்க? ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்..."

"உட்காருங்கன்னு சொன்னேன்."

இத்தனை மாதத்தில் அவள் அவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. அவர் உட்கார்ந்தார். ஓரத்துக்குத் தள்ளியதில் சாரம் அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றிருந்தது. ஒரு நல்ல காரியமாவது செய்திருக்கிறார். ஆனால் சக்கரங்களைப் பூட்டாமல் விட்டிருந்தார். அவள் இரண்டாவது படியில் கால் வைத்ததும் சாரம் வழுக்கிச் சுவரில் இடித்தது. கூட்டத்தில் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் நிற்கவில்லை. மேலே போய்ப் பலகையில் மண்டியிட்டாள்.

பாட்டிலைக் கவிழ்த்துக் கையுறை விரலை நனைத்தாள். வாடை குப்பென்று கிளம்பியது. நேரான விரலின் மேல் வைத்து ஒரு தடவை துடைத்தாள். ஒன்றும் வரவில்லை. வண்ணத்தின் மேல் தோல் கட்டிவிட்டிருந்தது. அழுத்திப் பார்த்தாள். சாரம் மறுபடியும் நகர்ந்தது, கை தவறி வானத்தில் பட்டது.

"நாசமாப் போறவங்களா" என்றாள். யாரைச் சொன்னாள் என்று கேட்டிருந்தால் விசிறியிலிருந்து தொடங்கி, தன்னையும் சேர்த்து, எல்லாரையும் சொல்லியிருப்பாள்.

சாரம் சட்டென்று நின்றது. குனிந்து பார்த்தாள். தம்பி கீழே இரண்டு கைகளாலும் இரும்புக் கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோபமாக இருக்கிறானா என்று தெரியவில்லை. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் கையுறை விரல் தொட்டுக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தான்.

அவள் மீண்டும் நனைத்து, நகத்தால் அழுத்தி, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். தோல் சுருங்கியது. பிறகு கிழிந்தது. அடியில் தடவியிருந்த எண்ணெய் பிடி கொடுத்தது, வண்ணம் குழைந்து கையுறையில் ஏறியது. ரொட்டியை ஒட்டி முதலில் ஒரு நிழல் தெரிந்தது. அப்புறம் எலும்பு திரும்பிக் கூடிய முட்டு. அப்புறம் அங்கிருந்து வெளியே விலகிப் போகிற விரல்.

பின்வரிசையில் ஒரு பெண் தேம்பினாள்.

"அது பெரியக்கா விரல்" என்றான் தம்பி கீழேயிருந்து.

"ஆமா."

"நேத்து நீ அதையா..."

"ஆமாடா."

அவள் துடைப்பதை நிறுத்தியிருந்தாள். இப்போது அவன் பிடியை விட்டுவிட்டுப் போனாலும் தப்பில்லை என்று நினைத்தாள்.

"மெதுவா பண்ணு" என்றான் அவன். "நான் புடிச்சிருக்கேன்."

அவள் கையுறையின் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக நனைத்துத் துடைத்தாள். கடைசியில், அக்காவின் விரல் இல்லாமல் காலியாகத் தொங்கிய அந்தத் துணி விரலாலும் துடைத்தாள். நேரான விரலின் நுனியில் மட்டும் வண்ணம் நன்றாக இறுகியிருந்தது. அங்கே கை வைத்தால் அடியில் இருப்பதும் வந்துவிடும். நேற்றைய விரலின் நகம், வெளிச்சத்தோடு, தனியாக அப்படியே நின்றது. அதை விட்டுவிட்டாள்.

கீழே யாரோ எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு விசிறி நின்றது, பிறகு மற்றது. செயலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பழையபடி தன் இடத்துக்குத் திரும்பினார். பாட்டுப் புத்தகங்களின் தாள்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஃபாதர் எந்த இடத்தில் விட்டோம் என்று தன் தாளில் தேடிக்கொண்டிருந்தார்.

சின்னவள் மேலேயிருந்து பெட்டியைப் பார்த்தாள். தம்பியின் மனைவி எழுந்து வந்து அக்காவின் இடது கையுறையையும் கழற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி இருந்தது நேற்று சாப்பாட்டு டப்பா இருந்த பெஞ்சுக்கு நேர் எதிரே. அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். கண்கள் மூடித்தான் இருந்தன. என்றாலும் சின்னவள் பலகையின் மேல் முழங்காலாலேயே ஓரமாக நகர்ந்து, அந்த விரலை மறைக்காமல் உட்கார்ந்துகொண்டாள்.